மெழுகு உருகுமா, கார்ப்பெட் உருகுமா?

கார்ப்பெட்டில் மெழுகு சிந்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், பழைய பதில் ஒன்று இருக்கு: மேலே காகிதத்தை வை, இஸ்திரிப் பெட்டியால தேய். ஆனா சிலருக்குக் காகிதமும் சேர்ந்து ஒட்டிக்குது. சிலருக்குக் கார்ப்பெட்டே உருகிப்போகுது. இந்த யோசனை பிறந்த காலத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் சாதாரண வீடுகளில் எரிந்தது மாட்டுக் கொழுப்பிலும் ஆட்டுக் கொழுப்பிலும் செய்த மெழுகுவத்தி. தேன்மெழுகு விலை அதிகம். கொழுப்பு சிந்தினா பிசுபிசுன்னு உள்ளே இறங்கிடும். ஏன்னா கொழுப்புக்குள்ள கெட்டியான அமிலமும் இருக்கு, எண்ணெய் மாதிரி ஓடுற அமிலமும் இருக்கு. இதை ஆராய்ந்து 1823-இல் நூலாக வெளியிட்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல். 1825-இல் கே-லூசாக்குடன் சேர்ந்து, கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தில் மெழுகுவத்தி செய்யக் காப்புரிமை வாங்கினார். 1850-இல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங், நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இந்தப் புது மெழுகுகள் ஆறினால் இறுகிவிடும். மேலே இருப்பதைச் சுரண்டிவிடலாம். மிச்சத்தை உருக்கினால் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். காகித நார்களுக்கு இடையே இருக்கும் நுண்ணிய இடைவெளிகள்தான் மெழுகை இழுக்குது. ஆனா காகிதத்தை அப்படியே ஆறவிட்டா, அதே மெழுகு பசையாயிடும். சூடு இருக்கும்போதே தூக்கணும், வேற காகிதம் மாத்தணும். ஏற்கெனவே ஒட்டிக்கிச்சா? பிய்க்காதீங்க. மேலே புதுக் காகிதம் வைத்து, மறுபடி லேசாகச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து வரும். அச்சடித்த தாள் வேண்டாம், மை இறங்கும்.

அன்றைய கார்ப்பெட் கம்பளி. கம்பளி கருகும், உருகாது. இஸ்திரிப் பெட்டியும் அடுப்பில் சூடாக்கியதுதான். சூட்டைக் குறைக்கும் திருகு கிடையாது. கம்பளி அதைத் தாங்கியது.

1935-இல் டூபாண்ட் ஆய்வகத்தில் நைலான் வந்தது. 1954-இல் இத்தாலியில் நட்டா குழு பாலிபுரோப்பிலீனை உருவாக்கியது. இன்று பல வீட்டுக் கார்ப்பெட்டுகள் இந்த இழைகள்தான். பாலிபுரோப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே இளகும். இஸ்திரிப் பெட்டியின் பருத்தி அளவு சுமார் 200. பாரஃபினுக்கோ 60 சுற்றி இருந்தாலே போதும்.

அதனால நான் சொல்றது இதுதான்: முதல்ல லேபிளைப் பாருங்க. ஐஸ் வைத்து மெழுகை நொறுக்கிச் சுரண்டுங்க. அப்புறம்தான் இஸ்திரிப் பெட்டி, அதுவும் குறைந்தபட்ச சூட்டில்.