பீன்ஸ் விதை, அட்டைப் பெட்டி, ஒரு பைபிள்... அமெரிக்கக் கிறிஸ்தவ வீடுகளின் 'சிக்கன' ஹோம்ஸ்கூல்!

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தர முடிவெடுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் முதலில் மாட்டிக்கொள்வது கேட்டலாக்கில்தான். 'அபெகா', 'பாப் ஜோன்ஸ்' என்று பெரிய பதிப்பகங்கள் ஒரு வகுப்புக்கான மொத்தப் பாடத்தையும் கட்டாகக் கட்டி விற்கின்றன. பாடப்புத்தகம், ஒர்க்புக், டெஸ்ட் பேப்பர், விடைகள், அம்மாவுக்கான கையேடு... எல்லாம் உள்ளே இருக்கும். விலை ஒரு பிள்ளைக்கே பல நூறு டாலர் வரை போகும். வீட்டில் நாலு பிள்ளைகள் என்றால்? அம்மா வேலையை விட்டுவிட்டு, ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம் என்றால்?

இது ஏதோ நாலு பேருக்கு வந்த பிரச்னை கிடையாது. 1993 வாக்கில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஹோம்ஸ்கூலிங் சட்டபூர்வமாகிவிட்டது. அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் கணக்குப்படி 1999-ல் சுமார் 8.5 லட்சம் பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள். 2012-ல் அது சுமார் 18 லட்சம். அதில் மத நம்பிக்கைக்காக இந்த வழிக்கு வந்தவர்கள் பெரும் கூட்டம். எல்லோராலும் அந்தக் கட்டை வாங்க முடியாது. வாங்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நமக்கும் சில விஷயங்கள் இருக்கின்றன.

அவர்களில் பலர் அடிக்கடி சொல்லும் பெயர் சுசன்னா வெஸ்லி. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, ஆயிரக்கணக்கான பாடல்கள் எழுதிய சார்லஸ் வெஸ்லி இருவருடைய அம்மா. இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற சிற்றூரில், 1700-களின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். 19 பிள்ளைகள் பெற்று, ஏறக்குறைய பாதிப் பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். கணவர் போதகர், 1705-ல் கடனுக்காகச் சிறைக்கே போனவர். 1709-ல் வீடும் தீயில் போனது. வசதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த வீட்டில் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்று 1732-ல் மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் அவரே விளக்கியிருக்கிறார். பிள்ளைக்கு அஞ்சு வயசு நிறைந்ததும் பாடம் ஆரம்பம். அதற்கு முந்தின நாளே வீட்டு வேலைகளை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார். காலை 9 முதல் 12 வரை, மதியம் 2 முதல் 5 வரை அந்த அறைக்குள் யாரும் வரக் கூடாது. முதல் நாளிலேயே எழுத்துகள் முடிந்துவிடும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனதாம். அடுத்து நேராக ஆதியாகமம் முதல் அதிகாரம், முதல் வசனம். அரிச்சுவடி, படப்புத்தகம் எதுவும் நடுவில் இல்லை. இன்னொரு விதியும் வைத்திருந்தார்: நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்பிள்ளைக்கும் தையல் வேலை கற்றுத்தரக் கூடாது. 300 வருஷத்துக்கு முன்னாடி!

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிவது அவருடைய வாரக் கணக்கு. தினமும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கினார். ஜானின் நாள் வியாழன், சார்லஸின் நாள் சனி. செலவு பைசா கிடையாது. ஆனால், அந்த நெரிசலான வீட்டில் அதைவிட அபூர்வமான பொருள் வேறு எதுவும் இருந்திருக்காது.

அடுத்த பெயர் சார்லட் மேசன். 1842-ல் பிறந்து 1923-ல் மறைந்த இங்கிலாந்துக் கல்வியாளர். 1886-ல் வெளியான அவருடைய 'ஹோம் எஜுகேஷன்' நூல் இன்றைக்கும் ஹோம்ஸ்கூல் அம்மாக்களின் கையில் இருக்கிறது. காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசம். அவருடைய முறையைப் பின்பற்றும் 'ஆம்பிள்சைடு ஆன்லைன்' என்ற பாடத்திட்டமும் இலவசம்தான். அதில் உள்ள பல புத்தகங்களை புராஜெக்ட் குட்டன்பெர்க்கில் இறக்கிக்கொள்ளலாம்.

மேசன் சொன்ன முக்கியமான உத்தி, திருப்பிச் சொல்வது. ஒரு பகுதியை ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு, "கேட்டதைச் சொல்லு பார்ப்போம்" என்று பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும். நடுவில் குறுக்கிடக் கூடாது, திருத்தக் கூடாது. கெட்ட குமாரன் கதையைக் கேட்ட ஆறு வயசுக் குழந்தை பன்றிகளைப் பற்றி மட்டும் அஞ்சு நிமிஷம் பேசும். பேசட்டும். இன்னொரு தடவை வாசிப்பார்கள் என்று தெரிந்தால் பிள்ளை கவனிக்காது. ஒரே தடவைதான் என்பதால்தான் காது கூர்மையாகிறது. ஒர்க்புக்கில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' எழுதும் பிள்ளை ஒரு வார்த்தையைத் தேடுகிறது. திருப்பிச் சொல்லும் பிள்ளை முழுக் கதையையும் மனசுக்குள் அடுக்க வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் 15, 20 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது என்பதும் மேசனின் விதி.

வேறு வேறு வயசில் மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த முறை ரொம்பக் கைகொடுக்கிறது. உதாரணத்துக்கு, அப்போஸ்தலர் நடபடிகள் 27, 28-ம் அதிகாரங்களை எடுத்துக்கொள்வோம். பவுல் கைதியாகக் கப்பலில் ரோமுக்குப் போகிறார். செசரியாவில் ஏறி, சீதோன், மீறா, கிரேத்தா தீவு என்று போய், புயலில் சிக்கி, மெலித்தா தீவில் கப்பல் உடைகிறது. அம்மா ஒரே தடவை சத்தமாக வாசிக்கிறார். ஆறு வயசு உடைந்த கப்பலை வரைகிறது. ஒன்பது வயசு வாயால் கதையைச் சொல்கிறது. 13 வயசு, மெலித்தா என்பது இன்றைய மால்டா என்று கண்டுபிடித்து, வெறும் தாளில் மத்திய தரைக்கடலை வரைந்து வழியைக் குறித்து, ஒரு பக்கம் எழுதுகிறது. வாசிப்பு, வரலாறு, புவியியல், கட்டுரை எல்லாம் ஆச்சு. வாங்கியது ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

அப்புறம் அந்த அட்டைப் பெட்டி. வசன மனப்பாடம் என்றால் நம்மூர் விபிஎஸ் போன பிள்ளைகளுக்குத் தெரியும். பரிசு வாங்கிய மறுவாரமே பாதி மறந்துபோகும். அதற்கு இவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பெட்டி, வசனம் எழுதிய அட்டைகள், நடுவில் 41 தடுப்புகள். 'தினமும்' என்று ஒன்று, 'ஒற்றைத் தேதி', 'இரட்டைத் தேதி' என்று இரண்டு, கிழமைகளுக்கு ஏழு, 1 முதல் 31 வரை தேதிகளுக்கு 31. புது வசனம் 'தினமும்' தடுப்புக்குப் பின்னால் இருக்கும். பாடமானதும் ஒற்றை அல்லது இரட்டைத் தேதிக்கு நகரும். அங்கேயும் தடுமாறாமல் வந்தால் ஏதாவது ஒரு கிழமைக்கு. கடைசியாக ஒரு தேதிக்கு. அதாவது மாசம் ஒரு தடவை. தினமும் நாலு தடுப்பைத் திறந்தால் போதும், பத்து நிமிஷம்கூட ஆகாது. மொழி கற்க ஆன்கி ஆப் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கணக்குத்தான். இங்கே சார்ஜ் போட வேண்டியதில்லை, அவ்வளவே. திருக்குறளுக்கும் இதே பெட்டி தாராளமாகப் போதும்.

கணக்குக்கு பீன்ஸ் விதை. ஒரு பை பீன்ஸ் அல்லது பட்டன்களை வைத்துக் கூட்டல் கழித்தலை ஆரம்பிக்கச் சொன்னவரும் மேசன்தான். நம் பாட்டிகள் புளியங்கொட்டையில் செய்ததேதான். இடமதிப்புக்கு அமெரிக்கச் சில்லறை கச்சிதமாகப் பொருந்துகிறது: 10 பென்னி ஒரு டைம், 10 டைம் ஒரு டாலர். பின்னத்துக்கு அடுக்களை அளவுக் கோப்பைகள். இரண்டு கால் கப் சேர்ந்தால் அரை கப் என்பதை மாவு அளந்து பார்த்த பிள்ளைக்குப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

ஓவியமும் அப்படித்தான். ஒரு பருவத்துக்கு ஒரே ஓவியர், அவருடைய ஆறு படங்கள் என்பது மேசன் வகுத்த பழக்கம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-ல் லட்சக்கணக்கான படங்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஒன்றை பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினால் முடிந்தது.

ஆனா, இந்தச் சிக்கனத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. கணக்கு படிப்படியாக ஏறும் பாடம். பின்னம் புரியாத பிள்ளைக்கு அல்ஜீப்ரா புரியாது. பீன்ஸ் விதை இரண்டு, மூன்று வருஷத்துக்குத்தான். அதன் பிறகு ஒழுங்கான கணக்குப் புத்தகம் ஒன்று வேண்டும். புதிதாக இல்லாவிட்டாலும், பல ஊர்களில் நடக்கும் பழைய புத்தக விற்பனையில் வாங்கலாம். எழுதி முடித்தால் வீணாகிவிடும் ஒர்க்புக்கைவிட, பார்த்து நோட்டில் எழுதும் பாடப்புத்தகம் லாபம். அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் வரும். ஒர்க்புக்கை ஜெராக்ஸ் எடுக்கலாமா என்பதை அந்தந்தப் பதிப்பகத்தின் அனுமதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தனக்கே புரியாத இடம் வந்தால் கான் அகாடமி இருக்கிறது.

அறிவியலில் சிக்கல் வேறு மாதிரி. கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் சந்தையில் நன்றாக விற்கும் உயிரியல் புத்தகங்களில் பல, ஆறு நாள் படைப்பை அப்படியே அறிவியலாகச் சொல்பவை. குடும்பத்தின் நம்பிக்கை குடும்பத்தோடு. ஆனால், நாளைக்குக் கல்லூரியில் உயிரியல் எடுக்கப்போகும் பிள்ளைக்குப் பரிணாமக் கோட்பாடு என்ன சொல்கிறது, அதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அதை மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்பதுதான் என் கருத்து.

வெளியிலிருந்து யாராவது பார்ப்பார்களா என்பதும் மாநிலத்தைப் பொறுத்தது. நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் பிள்ளை செய்த வேலைகளைத் தொகுத்து, தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். டெக்சாஸில் அரசுக்குத் தகவல்கூடச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 'சிம்பிளா படிக்கிறோம்' என்பதற்கும் 'படிக்கவே இல்லை' என்பதற்கும் நடுவில் நிற்பது பெற்றோரின் மனசாட்சி மட்டும்தான். பன்னிரண்டு வயசில் ஒரு பத்தி பிழையில்லாமல் எழுத வராத பிள்ளைக்கு, வீட்டில் தினமும் ஜெபம் நடந்தது என்பது பதிலாகாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெளித் தேர்வு ஒன்றை எழுதவைப்பது நல்லது.

இதில் இலவசமே இல்லாத ஒன்று, அம்மாவின் நேரம். பெரும்பாலான வீடுகளில் அம்மாதான் டீச்சர். அவர் விட்ட சம்பளம், விட்ட வேலை எதுவும் 'இந்த வருஷம் புத்தகச் செலவு 50 டாலர்தான்' என்ற கணக்கில் வராது. திருப்பிச் சொல்லும் முறை பலிப்பது எதிரில் ஓர் ஆள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டால்தான். மூன்று பிள்ளைகள், கைக்குழந்தை, சமையல் எல்லாவற்றுக்கும் நடுவில் கேட்க முடியாத அளவு களைத்துப்போன அம்மாவுக்கு, ரெடிமேட் கட்டு வாங்குவதுதான் உண்மையில் சிக்கனமாக இருக்கலாம். அப்பா எத்தனை மணிக்கு வருகிறார், எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்கிறார் என்பதைப் புத்தகப் பட்டியல் போடும்முன்பே பேசிவிடுவது உத்தமம்.

இந்தியாவில் வீட்டில் படிப்பவர்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பெரும்பாலும் நாடுவது தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ். அதில் பத்தாம் வகுப்பு எழுதக் குறைந்தபட்ச வயது 14.

அமெரிக்கக் குடும்பங்கள் உயர்நிலை வகுப்புகளில் ஆள்பலத்தைக் கூட்டிக்கொள்கின்றன. பத்துக் குடும்பம் சேர்ந்து 'கோ-ஆப்' அமைத்து, வாரம் ஒருநாள் சபை மண்டபத்தில் கூடும். வேதியியல் தெரிந்த அப்பா ஒருவர் சோதனை செய்துகாட்டுவார், இன்னொரு அம்மா கட்டுரை திருத்துவார், மைக்ரோஸ்கோப்பை எல்லோரும் சேர்ந்து வாங்கியிருப்பார்கள். 16 வயசுக்கு மேல் பலர் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் ஒன்றிரண்டு பாடங்களில் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே கிடைக்கும் மதிப்பெண் பள்ளிக் கணக்கிலும் வரும், கல்லூரிக் கணக்கிலும் வரும். முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கு மார்க் போடுவது பலருக்கு அதுதான் முதல் தடவை.