குடையுடன் வந்தவரும் திரையில் வந்தவரும்

கொல்கத்தாவின் தென்பகுதியில், பாலிகஞ்சிலிருந்து பஜ்பஜ் நோக்கிச் செல்லும் ரயில் பாதைக்குத் தெற்கே, லேக் கார்டன்ஸ் என்னும் குடியிருப்புப் பிரதேசம் இருக்கிறது. பாதைக்கு அப்பால், 1920-களில் நகர அபிவிருத்தி டிரஸ்டு சதுப்பு நிலத்தை வெட்டி உண்டாக்கிய பெரிய ஏரி. 1958-ல் அதற்கு ரவீந்திர சரோவர் என்று பெயரிட்டார்கள். இன்னொரு புறம் பிரின்ஸ் அன்வர் ஷா சாலை. 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு கம்பெனியார் இவ்வூருக்கு நாடு கடத்திய திப்பு சுல்தான் வம்சத்தாரை நினைவூட்டும் பெயர் அது. ஆகவே லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் தேடி அலையும் தமிழர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே வேலூர் இங்கே வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஏரிக்குப் பெயர் தந்த கவி ரவீந்திரநாத் தாகூர், சிறுவயதில் பள்ளிக்கூடத்தை வெறுத்தவர். வீட்டுக்கு வந்த உபாத்தியாயர்களிடம் படித்தவர். மழை கொட்டும் மாலையில், வெள்ளம் நிறைந்த தெருவைப் பார்த்து, இன்று வாத்தியார் வரமாட்டார் என்று நெஞ்சு குதூகலிக்கும் தருணத்தில், தெருமுனையில் ஒரு கறுப்புக் குடை தோன்றுவதை அவர் 1912-ல் வெளிவந்த ‘ஜீவன் ஸ்மிருதி’யில் எழுதியிருக்கிறார். குடையின் கீழே மருத்துவக் கல்லூரி மாணவரான அகோர் பாபு. வங்காளத்தில் ‘கிருஹ சிக்ஷகர்’ என்னும் இந்த ஸ்தானம் அழிந்ததேயில்லை. கிராமங்களிலேயே நூற்றுக்கு 74 பிள்ளைகள் காசு கொடுத்துத் தனிப்பாடம் படிப்பதாக 2022-ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வு காட்டிற்று. ஆசிரியர் மாணாக்கனின் வீட்டுக்குள் வருவதும், தட்டில் தேநீரும் இனிப்பும் வைத்து உபசரிக்கப்படுவதும் இங்கே பழைய சம்பிரதாயம்.

இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் 14-ஆம் தேதி சனிக்கிழமை, கொரோனாவை முன்னிட்டுத் திங்கள் முதல் பள்ளிகள் மூடப்படும் என்று மாநில அரசு அறிவித்து, பத்து நாளுக்குள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, ஆசிரியர் திரை வழியே மாணாக்கன் வீட்டுக்குள் பிரவேசித்தது புதுமையல்ல. ஆனால் அதே கணத்தில் மாணாக்கனும், அவன் பின்னால் நிற்கும் தாயும் தகப்பனும் பாட்டியும் ஆசிரியர் வீட்டுக்குள் பிரவேசித்ததுதான் புதுமை. இரண்டு அறை ஃப்ளாட்டில், அலமாரிக்கும் கட்டிலுக்கும் இடையே நல்ல சுவர் ஒன்றைத் தேடிப் பிடித்து, புத்தக அடுக்கின்மேல் கைப்பேசியைச் சாய்த்து, குக்கர் விசிலுக்கும் தெருவில் மீன் விற்பவனின் கூவலுக்கும் நடுவே முக்கோணங்களை விளக்க வேண்டியிருந்தது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, ‘ஷேர் ஸ்கிரீன்’ எங்கே என்று தன் மகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஜூம் செயலியின் இலவச வகுப்பு 40 நிமிஷத்தில் தானாக அறுந்துபோகும். அது பள்ளியின் ஒரு பீரியடுக்குச் சரியான அளவு என்பதைக் கவனித்துச் சிரித்தவர்களும் உண்டு.

சிரிக்க முடியாதது வேறொன்று. வகுப்பறையில் ஆசிரியர் வாயால் பேசுகிறார், கண்ணால் படிக்கிறார். நாற்பது முகங்களில் எந்த முகத்தில் புருவம் சுருங்குகிறது என்று பார்த்தே, சொன்னதை இன்னொரு முறை சொல்வதா, மேலே செல்வதா என்று தீர்மானிக்கிறார். திரையிலோ முகங்களின் இடத்தில் கறுப்புக் கட்டங்களும் பெயரின் முதலெழுத்துக்களும். ‘சோனா ஜாச்சே?’ – கேட்கிறதா? – என்பதே அந்நாட்களில் வங்காள ஆசிரியர்கள் அதிகம் கேட்ட கேள்வியாயிற்று. வெள்ளத்தை நம்பிய ரவீந்திரருக்குக் கிட்டாத விடுமுறையை, ‘நெட்வொர்க் இல்லை ஸார்’ என்ற மூன்று சொற்கள் இந்தத் தலைமுறைக்கு எளிதில் சம்பாதித்துக் கொடுத்தன.

சில சமயம் அது முற்றிலும் உண்மையாகவும் இருந்தது. மே 20-ஆம் தேதி ஆம்பன் புயல் நகரத்தைத் தாக்கி, சரோவரத்துக் கரையின் முதிர்ந்த மரங்களையும் வேரோடு சாய்த்தது. பல தெருக்களில் நாட்கணக்கில் மின்சாரமும் இணையமும் இல்லை. புதிய பள்ளிக்கூடம் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் பிரத்தியக்ஷமாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய மாதமே, பாங்குரா மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்குத் திரும்பியிருந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர், அலைவரிசை கிடைக்கும் உயரம் நாடி வேப்பமரத்தில் மூங்கில் பரண் கட்டி, அதன்மேல் அமர்ந்து கொல்கத்தா மாணாக்கர்களுக்குப் பாடம் நடத்தினார்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களின் அனுபவம் வேறு விதம். தூரதர்ஷனின் வங்காள அலைவரிசையில் ஏப்ரலில் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆனால் அவர்களுடைய கைகள் பெரும்பாலும் தராசைத்தான் பிடித்தன. மதிய உணவுக்குப் பதிலாகப் பிள்ளைக்கு 2 கிலோ அரிசியும் 2 கிலோ உருளைக்கிழங்கும் பெற்றோரிடம் அளந்து கொடுத்தார்கள்; பின்னர் ‘மாடல் ஆக்டிவிட்டி டாஸ்க்’ என்ற வினாத்தாளும் அதே பையோடு போயிற்று. பாடம் கேட்கும் குழந்தையை ஒருவரும் காணவில்லை. அந்த வருஷம் நாட்டின் கிராமக் குடும்பங்களில் திறன்பேசி வைத்திருந்தவை, ‘அசர்’ கணக்குப்படி, நூற்றுக்கு 62-க்குச் சற்றுக் குறைவு. அதுவும் பெரும்பாலும் தகப்பனார் வேலைக்கு எடுத்துச் செல்லும் ஒற்றைப் பேசி. இந்த நிலையில் அசன்சோல் பக்கத்து ஆதிவாசிக் கிராமத்தில் தீப் நாராயண் நாயக் என்னும் ஆசிரியர் வீட்டு மண்சுவர்களையே கரும்பலகையாகத் தீட்டித் தெருவில் பாடம் சொன்னதும், தமிழ்நாட்டில் 2021 அக்டோபர் 27-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கி, தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்ததும், எந்தச் செயலியையும்விடப் பழைய வழிகள் என்பது என் அபிப்பிராயம். குடைபிடித்த அகோர் பாபுவின் வழி.

2022 பிப்ரவரி 7-ஆம் தேதி முதல் மேற்கு வங்க அரசும் ‘பாடாய் சிக்ஷாலய்’ என்று பேட்டைதோறும் திறந்தவெளி வகுப்புகளை நடத்தி, 16-ஆம் தேதி ஆரம்பப் பள்ளிகளைத் திறந்தது. 2020 ஜனவரியில் 1-ஆம் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம்கூட முடியாமல் வீடு சென்ற பிள்ளைகள், 3-ஆம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டுமே தெரிந்தன. வருகைப் பதிவைத் திறந்த ஆசிரியை, பெயரைக் கூப்பிட்டு, வரும் குரலைக் கேட்டுத்தான், கட்டத்துக்குள் இருந்த இந்த ‘எஸ்’ எந்த ‘எஸ்’ என்று கண்டுகொள்ள வேண்டியிருந்தது.