கண்ணாடிக் கல்லின் முதுகு

கவரிங் தோட்டிலிருந்து வெள்ளைக் கல் ஒன்று கழன்று விழுந்தால், அதைப் புரட்டிப் பாருங்கள். முன்பக்கம் வெறும் கண்ணாடி. பின்பக்கத்தில் வெள்ளிபோல் மினுக்கும் ஒரு மெல்லிய பூச்சு. கல்லின் ஒளியில் பெரும்பங்கு இந்த முதுகில்தான் இருக்கிறது. வீட்டில் நகையைப் பழுது பார்க்கும்போது பலர் முதலில் பாழாக்குவதும் இதைத்தான்.

வைரத்துக்கு இந்தத் துணை வேண்டியதில்லை. அதன் ஒளிவிலகல் எண் 2.42, மாறுநிலைக் கோணம் சுமார் 24 பாகைதான். மேலே நுழையும் ஒளி அடிப்பட்டைகளில் இதைவிடப் பெரிய கோணத்தில் விழுமாறு பட்டை தீட்டிவிட்டால், அது முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து நம் கண்ணுக்கே திரும்பிவிடும். சாதாரணக் கண்ணாடியின் எண் 1.5, கோணமோ 42 பாகை. ஆகவே ஒளியில் பெரும்பகுதி பின்வழியே நழுவிப் போய்விடுகிறது.

இந்தக் குறையைப் போக்க இரண்டு வழிகள் தோன்றின. ஒன்று, கண்ணாடியையே மாற்றுவது. 1670-களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் ஈய ஆக்சைடு கலந்து பளிச்சிடும் கண்ணாடி செய்தார். 1724-இல் பாரிஸ் வந்து சேர்ந்த ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்ட்ராஸ் இத்தகைய கண்ணாடியில் போலி வைரங்கள் செய்து புகழ் பெற்றார். 1734-இல் பிரெஞ்சு மன்னரின் நகைச்சிற்பியும் ஆனார். போலிக் கற்களை இன்றும் ஐரோப்பாவில் ‘ஸ்ட்ராஸ்’ என்றே அழைக்கிறார்கள். ஆனால் ஈயக் கண்ணாடியின் எண் 1.6 அளவில் இருந்தாலும் மாறுநிலைக் கோணம் 39 பாகைக்குத்தான் இறங்கும். அது போதாது.

மற்ற வழி இதைவிடப் பழையது. நகையில் பின்புறம் மூடிய குழி அமைத்து, அதன் அடியில் மெருகேற்றிய உலோகத் தகட்டை இட்டு, மேலே கல்லைப் பதித்தார்கள். நழுவும் ஒளியைத் தகடு திருப்பி அனுப்பிவிடும். இத்தாலியச் சிற்பி செல்லினி, 1568-இல் அச்சான தம் பொற்கொல்லர் நூலில் இத்தகடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். தகட்டுக்கு நிறம் ஏற்றினால் வெளிறிய கல்லும் நல்ல சிவப்பாகத் தெரியும். விற்பவருக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை!

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலறிஞர் லீபிக் கண்ணாடிமீது வெள்ளியை நேரே படியவைக்கும் முறையைக் கண்டார். நிலைக்கண்ணாடிக்குப் பயன்பட்ட இந்தப் பூச்சு, சிறு கற்களின் முதுகிலும் ஏறியது. 1892-இல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி பட்டை தீட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையால் ஒவ்வொன்றாகத் தீட்டிய கல் இயந்திரத்தில் குவியத் தொடங்கியது; விலை இறங்கியது.

தகட்டுக்கும் பூச்சுக்கும் ஈரமே பகை. 18-ஆம் நூற்றாண்டு நகைகளில் நீர் கசிந்த கற்கள் சாம்பல் நிறமாகிக் கிடக்கின்றன. எனவே கல் பதித்த கவரிங் நகையைச் சோப்பு நீரிலோ வினிகரிலோ ஊறவைக்காதீர்கள். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து உலரவிட்டாலே போதும். விழுந்த கல்லை ஒட்டுவதற்கு உடனே இறுகும் பசை ஏற்றதன்று. அதன் ஆவி கல்லின்மேல் வெண்மையாகப் படியும். இரண்டு குழாய்களிலிருந்து கலந்து பூசும் எபாக்சி பசையைக் குண்டூசி முனையளவு வைத்தால் நல்லது.

பூச்சு முழுவதும் உரிந்துவிட்டதா? சாக்லெட் சுற்றிய ஈயத்தாளைச் சுருக்கமில்லாமல் நீவி, பளபளக்கும் பக்கம் மேலாகக் குழியில் அமுக்குங்கள். நடுவே பசை வேண்டாம். விளிம்பில் மட்டும் தொட்டு வையுங்கள். பழைய பாரிஸ் நகைச்சிற்பி செய்ததும் ஏறக்குறைய இதுதான். சிவப்பு ஜிகினாத் தாளை வைத்தால் கல்லும் சிவக்கும். ஆனால் பழைய பூச்சு மீதமிருந்தால் தாளின் நிறம் மேலே வராது.

உரிந்த பூச்சைச் சுரண்ட அரமோ உப்புத்தாளோ எடுக்க வேண்டாம். பழைய கற்கள் பலவற்றில் ஈயம் உண்டு. அந்தத் தூள் உடம்புக்குள் போகக்கூடாது. கழன்ற கல்லைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.