ரஷோமானும் அந்த நாளும்

பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப்படம் எது என்று வினாடி வினாவில் கேட்டால் 'அந்த நாள்' என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அந்தப் படத்தின் விதை ஜப்பானிலிருந்து வந்தது என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது.

அகிரா குரோசவா 'ரஷோமான்' எடுத்தது 1950ல். அடுத்த வருடம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் கிடைத்த பிறகுதான் மேற்கத்தியர்கள் ஜப்பானிய சினிமா பக்கம் திரும்பினார்கள். காட்டில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன், சாமுராயின் மனைவி, ஆவியாக வந்து பேசும் சாமுராய், ஒளிந்திருந்து பார்த்த விறகுவெட்டி... நாலு பேர், நாலு கதை. எது நிஜம் என்று குரோசவா கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை.

இதை ஒரு திரைப்பட விழாவில் பார்த்தவர் எஸ். பாலசந்தர் (ஆமாம், வீணை பாலசந்தரேதான்!). அந்த பாதிப்பில் எழுதிய நாடகத்தை வானொலி நிலையம் வேண்டாம் என்றது. ஏவி.எம். மெய்யப்பன் படமாக்கச் சம்மதித்தார். வசனம் ஜாவர் சீதாராமன். பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. பாட்டுப் புத்தகம் விற்ற காலத்தில் ஒரு முதலாளி இதற்குப் பணம் போட்டது சாதாரண விஷயமில்லை. படம் 1954 ஏப்ரல் 13ல் வந்தது. வசூல் சுமார்தான். தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது.

(படம் பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடவும்.)

1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டது நிஜமாகவே நடந்தது. படத்தில் அதை ஒட்டி ரேடியோ என்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். சிவாஜி வாய் திறப்பதற்கு முன்பே முதல் காட்சியில் செத்து விழுகிறார்! விசாரணையில் ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன் என்றும், சுட்டது அவன் மனைவி உஷா என்றும் தெரிகிறது. ஜப்பான்காரரிடம் கடன் வாங்கிய உத்தியில் ஜப்பானின் உளவாளி கதை. வேடிக்கைதான்.

'காப்பி' என்று சொல்பவர்கள் ஒன்றை கவனிப்பதில்லை. ரஷோமானில் கொள்ளைக்காரன் 'நான்தான் கொன்றேன்' என்கிறான். மனைவி, தான்தான் கொன்றிருக்க வேண்டும் என்கிறாள். செத்தவனோ தற்கொலை என்கிறான். பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அந்த நாளில் இதற்கு நேர் எதிர். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். குரோசவாவுக்கு, மனிதன் தன்னிடமே பொய் சொல்கிறான் என்பது பிரச்சனை. பாலசந்தருக்கு, நாடா புருஷனா என்பது பிரச்சனை. அதனால்தான் அவருக்கு ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது. சுதந்திரம் வந்து ஏழு வருடம்கூட ஆகாத நேரம். இங்கே கனகசெட்டிக்குளத்தில் அப்போதும் பிரெஞ்சு ஆட்சி. புதுச்சேரி கைமாறியது அந்த வருடம் நவம்பர் 1ல்தான். அந்த நேரத்தில் துரோகி யார் என்று சொல்லாமல் ஒரு படத்தை முடித்திருக்க முடியுமா?

அந்தோணி ஆஸ்க்வித்தின் 'தி உமன் இன் கொஸ்டின்' என்ற ஆங்கிலப் படத்தின் சாயல்தான் அதிகம் என்று வாதிடுபவர்களும் உண்டு. இருக்கலாம்.

ஐம்பது வருடம் கழித்து, 2004ல், கமல் 'விருமாண்டி'யில் அதே உத்தியை எடுத்தார். சிறைக்குள் கொத்தாளத் தேவர் ஒரு கதை சொல்கிறார், விருமாண்டி ஒரு கதை சொல்கிறான். எது பொய் என்று இடைவேளை தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது.