அசாம் காட்டில் கண்ட செடி



கோலா தெர்லாவில் நம் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஒருநாள் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து நம் மேசைமேல் வைத்தனர். லயத்தின் பின்புறத்தில், ஒரு வீட்டுத் தோட்டத்து வேலியோரம், தானாக முளைத்துக் கூரைக்கு மேல் வளர்ந்துவிட்ட மரமாம். வெள்ளைப் பூ, அதன் நடுவே கொத்தாக மஞ்சள் இழைகள், உருண்டையான பச்சைக் காய்கள். வீட்டுக்காரருக்கே அதன் பெயர் தெரியவில்லை. கொய்யா இனம் என்றார் ஒருவர். காட்டு மரம், வெட்டிவிடுங்கள் என்றார் இன்னொருவர். நமக்கும் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். கடைசியில், ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்த ஒரு பாட்டி நுனி இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "அட, இது நம்ம தேயிலைதானே சாமி!" என்றார்.

தேயிலையின் நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தேயிலை மரம் தெரியாமல் போனது எப்படி? நாம் அதை இடுப்பளவுச் செடியாகவே பார்த்துப் பழகியவர்கள். கவ்வாத்து வெட்டி, வாரந்தோறும் கொழுந்தைக் கிள்ளி, பூக்கவும் காய்க்கவும் விடாமல் வைத்திருக்கிறோம். விட்டுவிட்டால் அசாம் இனத் தேயிலை 10 மீட்டருக்கும் மேலே போகும் மரம். பாட்டியின் மூக்குக்குத் தெரிந்தது நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதே தடுமாற்றம் ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் பெரிய அளவில் நடந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

அக்காலத்தில் உலகச் சந்தைக்கு வந்த தேயிலை சீனாவிலிருந்தே வந்தது. ஆங்கிலேயர் அதற்காக வெள்ளியைக் கொட்டிக் கொடுத்தனர். இந்நிலையில் 1823இல், இராபர்ட் புரூஸ் என்ற ஸ்காத்லாந்து வணிகர் அசாமின் மேற்பகுதிக்குச் சென்றார். அங்கே சிங்போ என்னும் மலைமக்களின் தலைவர் பிசா காம் அவருக்குத் தேயிலைச் செடிகளைத் தருவதாக வாக்களித்தார். சிங்போக்களுக்கு அது புதுமையன்று. இலையை வறுத்து, காயவைத்து, மூங்கில் குழாயில் திணித்து, அடுப்புப் புகையில் வைத்துப் பக்குவப்படுத்திக் குடிக்கும் வழக்கம் அவர்களிடம் தொன்றுதொட்டு இருந்தது. மணிராம் என்ற அசாமிய இளைஞரே புரூசுக்கு இச்செய்தியைத் தெரிவித்தவர் என்பர்.

அடுத்த ஆண்டில் இராபர்ட் புரூஸ் இறந்துவிட்டார். பர்மியப் போரின்போது அங்குச் சென்ற அவருடைய தம்பி சார்லஸ் புரூசிடம் செடிகளும் விதைகளும் வந்து சேர்ந்தன. அவர் சிலவற்றை அரசின் பிரதிநிதியான டேவிட் ஸ்காத்துக்கு அனுப்பினார். மிச்சத்தைச் சதியாவில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே நட்டார். ஸ்காத் அதன் இலைகளைக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பினார். பூங்காவின் தலைவர் நத்தானியேல் வாலிச் சிறந்த தாவர அறிஞர். அவர் இலைகளைப் பார்த்து, இது கமீலியா இனத்துச் செடி, சீனத் தேயிலை அன்று என்று சொல்லிவிட்டார். விஷயம் அத்தோடு கிடப்பில் போடப்பட்டது.

வாலிச்சை அறிவிலி என்று சொல்லிவிட முடியாது. கமீலியாவும் தேயிலையும் நெருங்கிய உறவுச் செடிகள். காய்ந்த இலையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம். பூவும் காயும் வேண்டும். 1831இல் சார்ல்டன் என்ற படை அதிகாரி அசாமிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பிய செடிகளோ பிழைக்கவில்லை. ஆனால் நமக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த இலையை நாள்தோறும் குடித்த சிங்போ மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கல்கத்தாவில் யாரும் செவிகொடுத்துக் கேட்கவில்லை!

1833இல் சீன வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கிருந்த தனியுரிமை பறிபோனது. உடனே தேயிலைமேல் அக்கறை பிறந்தது. 1834இல் பெண்டிங்க் பிரபு ஒரு தேயிலைக் குழுவை அமைத்தார். விதை கொண்டுவரச் சீனாவுக்கு ஆளும் அனுப்பினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஜென்கின்ஸ் என்ற அதிகாரியின் வழியாகச் சார்ல்டன் மீண்டும் அனுப்பிய பொருள்கள் வந்தன. இம்முறை காயும் இருந்தது. தேயிலைக் காயையும் கமீலியாக் காயையும் ஒப்பிட்டு வாலிச் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1834 டிசம்பர் 24ஆம் நாள், அசாமில் வளர்வது தேயிலையே, ஐயமில்லை என்று குழு அரசுக்கு எழுதியது. இலையைப் பார்த்து இல்லை என்றதற்கும் காயைப் பார்த்து ஆம் என்றதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் ஓடிவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1887இல் குன்ட்சே என்ற ஜெர்மானியர் தேயிலையையே கமீலியா இனத்தில் சேர்த்துவிட்டார். இன்று அதன் அறிவியல் பெயர் கமீலியா சைனென்சிஸ். ஆக, வாலிச் முதலில் சொன்னதில் பாதி சரிதான்!

உண்மை தெரிந்த பிறகும் காட்டுச் செடி என்ற இளக்காரம் போகவில்லை. சீன விதையே உயர்ந்தது என்று அதை வரவழைத்து நாற்றுவிட்டு அசாமில் நட்டனர். நீலகிரியிலும் நட்டுப் பார்த்தனர். அசாமின் வெப்பத்துக்கு அந்நிய நாற்று ஒத்துவரவில்லை. உள்ளூர்ச் செடியே செழித்தது. 1839 ஜனவரி 10ஆம் நாள் அசாம் தேயிலை 8 பெட்டிகள் லண்டனில் ஏலம் போயின. அதே ஆண்டில் அசாம் கம்பெனி தோன்றியது.

செடியின் பெயர் உறுதியானதும் அது நின்ற நிலம் கைமாறியது. தேயிலை இருந்த காடெல்லாம் கம்பெனிக்கு என்றாகி, சிங்போக்கள் ஒதுக்கப்பட்டனர். 1843இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தும் பயனில்லை. மணிராம் அசாம் கம்பெனியில் திவானாகப் பணியாற்றினார். பின்னர் விலகிச் சொந்தமாகத் தோட்டங்கள் போட்டார். 1858இல் ஆங்கிலேயர் அவரைக் கலகக்காரர் என்று ஜோர்ஹாத்தில் தூக்கிலிட்டனர். தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் வேலை தொடங்கியது. கப்பலேறி நம் முன்னோர் இங்கு வந்து சேர்ந்ததும் அந்தத் தொடர்ச்சியில்தான். கேமரன் 1885இல் அளந்து பார்த்த இம்மலையில், ரஸ்ஸல் என்பவர் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இங்கே நாம் பறிக்கும் கொழுந்தில் பெரும்பகுதி அசாம் இனத்ததே.

வேலியோரத்து மரத்தை வீட்டுக்காரர் வெட்டவில்லை. காய்கள் பழுப்பேறி வெடித்தபோது பிள்ளைகள் விதைகளைப் பொறுக்கி வந்தனர். கோலிக்குண்டு அளவில் இருந்தன. பள்ளியின் பின்புறம் ஆறு விதைகளை ஊன்றினோம். நான்கு முளைத்திருக்கின்றன. அவற்றைக் கவ்வாத்து வெட்டாமல் விடப் போகிறோம்.