பதினெட்டு வயசுப் பையனும் ஒரு நம்பரும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம் மக்களே, அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஆனா எவ்வளவு ஆணி இருந்தாலும் மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒரு பஞ்சாயத்து மட்டும் தவறாம நடந்துச்சு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க :-)

நான் மெல்பர்ன் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. வந்த புதுசுல, ஒரு அக்டோபர் மாசம், சாப்பாட்டு மேசையில ரெண்டு பேர் கடுமையா வாக்குவாதம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தர் ஐம்பதைத் தாண்டினவர், ரிச்மண்ட் கிளப் ரசிகர். இன்னொருத்தர் டெஸ்டிங் டீம் அம்மணி, மெல்பர்ன் கிளப் ரசிகை. ஊர் பேரும் மெல்பர்ன், கிளப் பேரும் மெல்பர்ன். குழப்பம் வேண்டாம்னா டீமன்ஸ்னு சொல்லிக்கலாம். "அவனுக்குத் தோள்பட்டை சரியில்லை", "வேகம் பத்தாது", "அவங்க அப்பா எவ்வளவு உயரம் தெரியுமா?" இப்படியே போச்சு பேச்சு. இங்க அது குதிரைப் பந்தய சீசன் வேற. ஏதோ குதிரை வாங்கப் போறாங்க போலிருக்குன்னு நினைச்சேன். விசாரிச்சா, பேசினது எல்லாம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கிட்டு இருக்குற பசங்களைப் பத்தி!

மேட்டர் இதுதான். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்னு ஒரு ஆட்டம். முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, அணிக்கு 18 பேர். பெரிய லீக் ஏ.எஃப்.எல்., அதுல 18 கிளப். வருஷா வருஷம் நவம்பர்ல டிராஃப்ட் நடக்கும். நாடு முழுக்க இருக்குற, பெரும்பாலும் 18 வயசுப் பசங்களை, கிளப்புகள் வரிசையாப் பேர் சொல்லி எடுத்துக்கும். கடைசி இடத்துல வந்த கிளப்புக்கு முதல் வாய்ப்பு, கோப்பை ஜெயிச்ச கிளப்புக்குக் கடைசி வாய்ப்பு. பையன் எந்த ஊருக்குப் போகணும்னு அவன் முடிவு பண்ண முடியாது. பேரைக் கூப்பிட்டா பொட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஏன் வந்தது இந்த ஏற்பாடு?

1897ல மெல்பர்னைச் சுத்தி வி.எஃப்.எல்.னு ஆரம்பிச்ச லீக்தான் 1990ல ஏ.எஃப்.எல்.னு பேர் மாறிச்சு. ஆரம்ப காலத்துல ஏரியா கணக்குதான். 1915ல இருந்து நகரத்தை ஏரியா ஏரியாவாப் பிரிச்சிருந்தாங்க. நீ எங்க குடியிருக்கியோ அந்த ஏரியா கிளப்புக்குத்தான் ஆடணும். 1960களோட கடைசியில விக்டோரியா மாநிலத்துக் கிராமப்புறத்தையும் 12 கிளப்புக்கும் பங்கு போட்டாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா எல்லா நிலமும் ஒண்ணு போலயா விளையும்? ஹாதார்ன் கிளப்புக்கு மார்னிங்டன் தீபகற்பம் கிடைச்சது, லீ மாத்யூஸ் மாதிரி ஜாம்பவான் அந்தப் பக்கத்துல இருந்து வந்தார். வேற சில கிளப்புக்குக் கிடைச்ச ஏரியா வறண்ட காடு.

விளைவைப் பாருங்க. 1967ல இருந்து 1983 வரைக்கும் 17 வருஷம். அத்தனை கோப்பையையும் நாலே நாலு கிளப்தான் ஜெயிச்சிருக்கு: ரிச்மண்ட், கார்ல்டன், ஹாதார்ன், நார்த் மெல்பர்ன். ஏரியா மட்டுமே காரணம் இல்லை, துட்டும் விளையாடுச்சு. வெளி மாநிலத்து ஆட்டக்காரர்களைப் பணத்தைக் கொட்டி இழுத்துக்கிட்டு வந்து, பல கிளப்புகள் கடன்ல மூழ்குற நிலைமைக்குப் போச்சு.

இந்த நேரத்துல ஒரு ஆட்டக்காரர் கோர்ட்டுக்குப் போனார். பேரு சில்வியோ ஃபொஸ்கினி. அவர் ஆடின சௌத் மெல்பர்ன் கிளப்பை 1982ல சிட்னிக்கு மாத்திட்டாங்க. அவர் "நான் சிட்னியில குடியேற மாட்டேன், மெல்பர்ன்லயே செயின்ட் கில்டாவுக்கு ஆடறேன்"னார். கிளப் விடலை. 1983ல விக்டோரியா சுப்ரீம் கோர்ட், இந்த ஏரியா விதியும் மாறுதல் விதியும் ஒருத்தர் தொழில் செய்யுற உரிமையைத் தடுக்குதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. பழைய கட்டடம் ஆட்டம் கண்டது. 1985ல சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. 1986ல, அமெரிக்கன் ஃபுட்பால்ல 1936ல இருந்தே இருக்குற டிராஃப்ட் முறையை இங்கேயும் கொண்டு வந்தாங்க.

அந்த முதல் டிராஃப்ட்ல முதல் பேர், மார்ட்டின் லெஸ்லி. எடுத்தது, 1987ல புதுசா ஆட வரவிருந்த பிரிஸ்பேன் பேர்ஸ். அவர் அடிலெய்டுல போர்ட் அடிலெய்டு கிளப்ல ஆடிக்கிட்டு இருந்தவர். உடனே கிளம்பிப் போயிட்டாரா? இல்லை. சில வருஷம் கழிச்சுத்தான் பிரிஸ்பேன் போனார். ஆரம்பமே அப்படி!

ரசிகர்களோட தனி ஆட்டம்

செப்டம்பர் கடைசியில இறுதிப் போட்டி முடிஞ்சுடும். அதுக்கப்புறம் ரசிகனுக்கு வேற என்ன வேலை? ஆளாளுக்கு ஒரு கற்பனை டிராஃப்ட் பட்டியல் எழுத ஆரம்பிச்சுடுவாங்க, முதல் 20 பேரை வரிசைக்கிரமமா. 20 மீட்டர் ஓட்டம் எத்தனை செகண்ட், எவ்வளவு உயரம் தாவறான், இடது கால்ல உதைப்பானா, எல்லாம் அத்துப்படி. நிரந்தரமான சண்டை ஒண்ணு உண்டு: இருக்குறதுலயே நல்லவனை எடுக்கறதா, இல்லை நம்ம டீம்ல எந்த இடம் காலியா இருக்கோ அதுக்கு ஏத்தவனை எடுக்கறதா? இன்னொண்ணு: நெட்டையான பையன் தேற நாலஞ்சு வருஷம் ஆகும், குட்டையா வேகமா இருக்கறவன் உடனே ஆடிடுவான். எதை நம்பறது?

இந்தச் சண்டையில் பெரும்பாலும் எல்லாருமே தோத்துப் போறாங்கங்கறதுதான் வரலாறு.

1990ல எசெண்டன் கிளப் 79வது ஆளா எடுத்த பையன் ஜேம்ஸ் ஹெர்ட். 1996ல லீக்கோட உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ மெடலை மைக்கேல் வாஸோட பகிர்ந்துக்கிட்டார், 2000ல கேப்டனா கோப்பையைத் தூக்கினார். அவருக்கு முன்னாடி 78 பேர் போயிருக்காங்க!

2001 டிராஃப்டை இங்க எல்லாரும் இன்னும் பேசுவாங்க. அந்த வருஷம் மூணு பேரைச் சுத்தித்தான் விவாதம்: லூக் ஹாட்ஜ், லூக் பால், கிறிஸ் ஜட். முதல் வாய்ப்பு ஃப்ரீமேன்டில் கையில இருந்தது. அவங்க அதையும் 20வது, 36வது வாய்ப்பையும் ஹாதார்னுக்குக் கொடுத்துட்டு, ட்ரெண்ட் க்ரோட், லூக் மெக்ஃபார்லின்னு ரெண்டு ஆட்டக்காரர்களை வாங்கிக்கிட்டாங்க. ஹாதார்ன் ஹாட்ஜை எடுத்தது, செயின்ட் கில்டா பாலை எடுத்தது, தோள்பட்டைக் காயம் பத்திக் கவலைப்பட்டுக்கிட்டிருந்த ஜட் மூணாவதா வெஸ்ட் கோஸ்டுக்குப் போனார். ஜட் 2004லயே பிரவுன்லோ வாங்கினதும் "பாத்தியா, தப்பு பண்ணிட்டீங்க"ன்னு ஹாதார்னைக் கிழிச்சாங்க. அப்புறம் 2013, 2014, 2015னு வரிசையா மூணு கோப்பைக்கு ஹாட்ஜ் கேப்டன். சண்டை இன்னும் முடியலை.

ஆனா நான் சொல்ல வந்தது அந்த 36வது நம்பரை. அதுல ஹாதார்ன் எடுத்தது சாம் மிட்செல். 2000 டிராஃப்ட்ல அவரை யாருமே சீண்டலை, வேகம் போதாதுன்னாங்க. அவர் 2008ல ஹாதார்ன் கேப்டனா கோப்பை வாங்கினார், 2022ல அதே கிளப்புக்குப் பயிற்சியாளரும் ஆனார். 58வதா காலிங்வுட்டுக்குப் போன டேன் ஸ்வான் 2011ல பிரவுன்லோ வாங்கினார். சும்மா கணக்கு போட்டுப் பாத்தேன்: 2004ல இருந்து 2013 வரைக்கும் 10 வருஷத்துல 7 வருஷம் பிரவுன்லோ இந்த 2001 பசங்களுக்குத்தான் போயிருக்கு. ஜட் ரெண்டு, கேரி ஆப்லெட் ரெண்டு, பார்டெல், ஸ்வான், மிட்செல் தலா ஒண்ணு. இதுல ஆப்லெட், அப்பா ஆடின ஜீலாங் கிளப்புக்கே மகன் போகலாம்ங்கற விதியில 40வதா போனவர். முதல் மூணு பேரை மட்டும் வச்சு அடிச்சுக்கிட்ட ரசிகர்களை என்ன சொல்ல?

தோக்கறதுக்கும் ஒரு ஆசை

கடைசி இடத்துக்குப் பரிசு கொடுத்தா என்ன ஆகும்? பொறியாளர்களுக்குச் சொல்லணுமா, பக் இருக்கற விதியை ஜனங்க கண்டுபிடிச்சுடுவாங்க :-)

அப்போ ஒரு கூடுதல் விதி இருந்தது. தொடர்ந்து ரெண்டு சீசன் அஞ்சு ஜெயத்துக்குக் கீழே இருந்தா, முதல் ரவுண்டுக்கு முன்னாடியே ஒரு கூடுதல் வாய்ப்பு. 2008ல டீமன்ஸ் ஜெயிச்சது 3. 2009லயும் அஞ்சைத் தொடாம இருந்தா ஜாக்பாட். அந்த ஆகஸ்ட்ல ரிச்மண்டோட ஒரு மேட்ச். டீமன்ஸ் முன்னணியில, ஆட்டம் முடிஞ்ச சைரன் அடிச்சாச்சு, ரிச்மண்டோட ஜோர்டன் மெக்மஹன் கையில பந்து. உதைச்சார், கோல். ரிச்மண்ட் 4 பாயிண்ட்ல ஜெயிச்சது. தோத்த டீமன்ஸ் ரசிகர்கள்லயே சில பேருக்கு நிம்மதி!

டீமன்ஸுக்கு முதல் ரெண்டு வாய்ப்பும் கிடைச்சது: டாம் ஸ்கல்லி, ஜாக் ட்ரெங்கோவ். ஸ்கல்லி ரெண்டே வருஷத்துல புதுசா வந்த ஜி.டபிள்யூ.எஸ். கிளப்புக்குப் போயிட்டார். ட்ரெங்கோவை 20 வயசுல, லீக் வரலாற்றிலேயே இளைய கேப்டனா ஆக்கி, மூழ்குற கப்பலைத் தலையில வச்சாங்க. அப்புறம் பாதத்து எலும்பு முறிஞ்சு அவதிப்பட்டார். மேட்சை ஜெயிச்ச ரிச்மண்டுக்கு மூணாவது வாய்ப்பு. அதுல வந்தவர் டஸ்டின் மார்ட்டின்! 2017, 2019, 2020னு மூணு கோப்பை, மூணு இறுதிப் போட்டியிலயும் சிறந்த ஆட்டக்காரர். தோத்தவனுக்கு எடுத்துக் கொடுத்த விதி, ஜெயிச்சவனுக்குப் பழம் கொடுத்தது.

லீக் பின்னாடி விசாரிச்சு, கிளப் வேணும்னே தோக்கலைன்னு சொன்னாலும், 2013ல 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அந்தக் கூடுதல் வாய்ப்பு தானாக் கிடைக்குற முறையை 2012லயே எடுத்துட்டாங்க. இன்னொரு கூத்து: அதே 2009ல டீமன்ஸ் 34வதா ஒரு நெட்டைப் பையனை எடுத்தாங்க, மேக்ஸ் கான். 2021ல பெர்த்ல, 57 வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கிளப் ஜெயிச்ச கோப்பையைக் கேப்டனாத் தூக்கினவர் அவர்தான்.

நம்பரைச் சுமக்கறவன்

இதையெல்லாம் நான் சுவாரசியமா கேட்டுக்கிட்டு இருந்தப்போ, ரிச்மண்ட்காரர் ஒரு நாள் 2004 கதையைச் சொன்னார். அந்த வருஷம் நாலாவது வாய்ப்புல ரிச்மண்ட் எடுத்தது ரிச்சர்ட் டாம்ப்ளிங். அஞ்சாவதா ஹாதார்ன் எடுத்தது லான்ஸ் ஃப்ராங்க்லின். ஃப்ராங்க்லின் 2008ல ஒரே சீசன்ல 113 கோல் அடிச்சார், 2022ல ஆயிரமாவது கோலைத் தொட்டார். ஒவ்வொரு கோலுக்கும் இங்க டாம்ப்ளிங் பேர் அடிபட்டது. டாம்ப்ளிங் மோசமான ஆட்டக்காரர் இல்லை, நூறு மேட்சுக்கு மேல ரிச்மண்டுக்கு ஆடினவர்.

"என் பட்டியல்ல நாலாவது ஃப்ராங்க்லின்னுதான் எழுதியிருந்தேன். அந்தப் பேப்பரை வருஷக்கணக்கா பத்திரமா வச்சிருந்தேன், நான் சொன்னது சரின்னு காட்டறதுக்கு. கிரவுண்டுல அந்தப் பையன் பந்தைத் தவற விட்டப்போ எல்லாம் கத்தியிருக்கேன். அவன் என்ன பண்ணான்? யாரோ பேரைக் கூப்பிட்டாங்க, போனான்." சொல்லிட்டு மனுஷன் சாப்பாட்டு டப்பாவை மூடிட்டார். அம்மணியும் எதுவும் பேசலை.

எனக்கு 2014 ஞாபகம் வந்தது. செயின்ட் கில்டா முதலாவதா பேடி மெக்கார்ட்டினை எடுத்தது, ரெண்டாவதா கிறிஸ்டியன் பெட்ராக்கா டீமன்ஸுக்குப் போனார். மெக்கார்ட்டினுக்குத் தலையில அடிமேல அடி. 2019ல கிளப் விட்டுடுச்சு. 2022ல சிட்னிக்குத் திரும்ப வந்து இறுதிப் போட்டியே ஆடினார், மறுபடி தலையில அடி, 2023ல விலகிட்டார். பெட்ராக்கா 2021 இறுதிப் போட்டியோட நாயகன். இப்பவும் செயின்ட் கில்டான்னாலே இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் பேச்சு.

டிராஃப்ட் எதுக்கு வந்ததோ, அதைப் பெருமளவு செஞ்சிருக்கு. நாலு கிளப் ராஜ்யம் ஒழிஞ்சது. ஆனா கிளப்போட கணிப்பு தப்பாப் போனா, அந்தத் தப்போட பேர் மட்டும் பையன் பேரா ஆயிடுது. 79வது ஆளை யாரும் எதுவும் கேக்கறதில்லை. முதல் நாலு பேர்தான் ஆயுசு முழுக்க பதில் சொல்லணும்.

போன மாசம் ஆபீஸ்ல புதுசா எடுக்கற பசங்களுக்கு இண்டர்வியூ எடுக்க என்னையும் உட்கார வச்சாங்க. ஒரு பையனுக்கு இருபது நிமிஷம். கடைசிக் கட்டத்துல பத்துக்கு எத்தனைன்னு ஒரு கட்டம். ஒருத்தனுக்கு 6 போட்டுட்டு, ரொம்ப நேரம் அந்த 6ஐயே பாத்துக்கிட்டு இருந்தேன். என் இஞ்சினியரிங் கவுன்சலிங் ரேங்க்கை எங்க சித்தப்பா இன்னமும் ஒவ்வொரு கல்யாணத்துலயும் சொல்லிக் காட்டுறார்ங்கறது வேற விஷயம்.

இந்த வருஷமும் ரிச்மண்ட்காரர் பட்டியல் எழுதிட்டார். அம்மணியோட வழக்கம் போல சண்டையும் ஆச்சு. ஆனா இப்ப அவருக்கு ஒரு விதி இருக்காம். டிராஃப்ட் முடிஞ்ச மறுநாள் காலையில அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடுவார். "அதுக்கப்புறம் வந்தவன் எல்லாம் நம்ம பசங்க."

உங்க பேருக்குப் பக்கத்துல யாராவது ஒட்டி வச்ச நம்பர் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: எனக்கும் ஒரு பேப்பர் கொடுத்து எழுதச் சொன்னாங்க. உயரமா இருக்குற பத்துப் பேரை வரிசையா எழுதிக் கொடுத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது அந்த ஒரு தடவைதான் :-)