கரிசலில் இரண்டு பருத்திகள்

பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை, குன்னம் வட்டாரங்களில் கரிசல் நிலத்துக்காரர்கள் ஆவணி, புரட்டாசியில் பருத்தி ஊன்றுவார்கள். வானம் பார்த்த வெள்ளாமை. தை பிறந்தால் எடுப்பு மும்முரமாகிவிடும். பக்கத்து அரியலூர் மாவட்டத்திலும் பருத்திக் காடுகள் உண்டு. நான் இந்த மண்ணில் பிறந்து தாவரவியல் கற்பித்தவன். இந்தச் செடி இங்கு வந்து சேர்ந்த வழியை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எங்கள் தாத்தா தலைமுறை அறிந்தது நாட்டுப் பருத்தி. தமிழகக் கரிசலில் கருங்கண்ணி என்று பெயர் பெற்ற இனம் அந்த வகையைச் சேர்ந்தது. இலை ஒடுங்கி ஆழமாகப் பிளந்திருக்கும், மஞ்சள் பூ, சிறிய காய், அதுவும் தலைகவிழ்ந்து தொங்கும். இன்று வயலில் நிற்பதோ அகன்ற இலையும் பெரிய காயும் உள்ள அமெரிக்க இனம்.

நாட்டுப் பருத்தியின் பழமைக்குச் சான்று பலுசிஸ்தானத்தின் மெஹர்கரில் கிடைத்தது. அங்கே ஒரு புதைகுழியிலிருந்து எடுத்த செம்பு மணிக்குள் பருத்தி நூல் இருந்தது. வயது ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேல். மொகஞ்சதாரோவில் வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டியிருந்த பருத்தித் துணி அதற்குப் பிந்தியது. மெக்சிகோவிலும் பெருவிலும் வாழ்ந்த மக்கள், நம்மை அறியாமலேயே, தங்கள் பக்கத்துக் காட்டுச் செடிகளைப் பழக்கிப் பருத்தி நூற்றார்கள்.

இந்த இரண்டு பருத்திகளுக்கும் உள்ள உறவை மரபியல் காட்டியது. நாட்டுப் பருத்திக்குக் குரோமோசோம்கள் 26, அமெரிக்கப் பருத்திக்கு 52. அந்த 52இல் ஒரு பாதி, பெரு நாட்டுக் காட்டுப் பருத்திக்கு நெருங்கிய இனத்திலிருந்து வந்தது. மறுபாதி ஆப்பிரிக்க, ஆசியப் பருத்திகளின் மூதாதை வழியில் வந்தது. பத்து முதல் இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன், கடலில் மிதந்து அக்கரை சேர்ந்த விதையால் இந்தக் கலப்பு நிகழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1940இல் ஜே. ஓ. பீஸ்லி நாட்டுப் பருத்தியையும் ஓர் அமெரிக்கக் காட்டினத்தையும் ஒட்டி, 52 குரோமோசோம் உள்ள செடியைச் செயற்கையாகவே உண்டாக்கிக் காட்டினார். ஆக, அமெரிக்கப் பருத்தி நம் கருங்கண்ணிக்குக் கடல் தாண்டிப்போன பங்காளி.

அந்தப் பங்காளி தமிழகத்துக்குத் திரும்பியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்போடியா பருத்தி என்ற பெயரோடு. கிணற்றுப் பாசனச் செம்மண்ணில் அது நன்றாக வந்தது. நீண்ட இழை என்பதால் ஆலைகள் விரும்பி வாங்கின. அதை உகாண்டா பருத்தியோடு ஒட்டிய வழியில்தான் எம்.சி.யு. ரகங்கள் பிறந்தன. 1947இல் இந்தியப் பருத்திப் பரப்பில் மிகப் பெரும்பகுதி நாட்டு இனமே. அது படிப்படியாகக் குறைந்து, 2002இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபின் நிலை முழுக்கத் தலைகீழானது. இன்று பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அமெரிக்க இனத்தின் வீரிய ஒட்டு ரகங்கள்.

விவசாயி அவற்றை விரும்பியதில் நியாயம் உண்டு; மகசூல் அதிகம், விலையும் கிடைத்தது. ஆனால் வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். கருங்கண்ணி விதையை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். அது வறட்சியைத் தாங்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு எளிதில் மசியாது. வட இந்தியப் பருத்தியை வாட்டும் இலைச்சுருள் வைரஸ் நாட்டு இனத்தைத் தொடுவதில்லை.

இந்த விதையைச் சேமித்துவைத்தால் போதாதா என்று கேட்கலாம். குளிர்பதன அறையில் காக்கும் விதை, சேமித்த நாளின் குணத்தோடு உறங்கும். மாறும் மழைக்கும் புதிய பூச்சிக்கும் ஈடுகொடுத்து வளர, அது வயலில் தலைமுறை தலைமுறையாக முளைத்தாக வேண்டும். வேப்பந்தட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் துணையோடு இந்த இரு மாவட்டங்களிலும் ஊருக்கு ஒரு காணியிலாவது நாட்டுப் பருத்தி விளைய வேண்டும். விளைவிக்கிறவருக்கு வரும் நட்டத்தை அரசு ஈடுசெய்ய வேண்டும். அந்த விதை நாளைய எல்லா விவசாயிகளுக்கும் உதவப்போவது.